கேடயம் தாமதமாக எழுகிறது

வாயிற்காவலன் மறுபடியும் அவளைக் கொன்றான். திரை வெளிறி, ‘உப்பில் கரைந்தாய்’ என்ற எழுத்துகள் மெல்ல எழும்பி மெல்ல மறைந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் வழியாக வந்த வெயில் டிவியின் பாதியை விழுங்கியிருந்தது. எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடி பாலம், மறுபடி கோட்டைக் கதவு, கதவுக்கு முன்னால் ஒரு துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிற அந்த மூன்று ஆள் உயரக்காரன். துடுப்பு அவன் தலைக்கு மேல் போகும்போது கண்ட்ரோலரின் இடது மூலையில் இருக்கும் பட்டனை ஆள்காட்டி விரலால் அமுக்க வேண்டும். கேடயம் எழும், அடி அதில் பட்டுச் சிதறும். அவ்வளவுதான் விஷயம். துடுப்பு மேலே போனது. அமுக்கினாள். துடுப்பு இறங்கி மண்டையைப் பிளந்த பிறகு, நனைந்து முடித்துக் குடை விரிக்கிறவனைப் போல, கேடயம் சாவகாசமாக எழுந்தது.

“கேமைக் கெடுத்து வச்சிருக்கானுங்க,” என்றாள் உரக்க.

சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவன், “யாரு?” என்றான்.

“பண்ணவனுங்கதான்.”

“அப்ப சரி. நானோன்னு நெனச்சேன்.”

அவள் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. ‘உப்புக் கோட்டை’ முதல் பாகம் வந்தபோது அவளுக்குக் கல்யாணமான புதிது. விளையாட்டின் தொடக்கத்தில், வீரன் கண்விழிக்கிற அறையில், மேசைமேல் ஒரு மரக்கரண்டி கிடக்கும். சும்மா வேடிக்கைக்கு வைத்தது. அதையும் ஆயுதமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் எடுத்ததில்லை, முதல் ஓநாயிடமே செத்துப்போவோம். அவள் அதை எடுத்துக்கொண்டு, வாளே தொடாமல், கடைசி ராட்சசன் வரைக்கும் அடித்து முடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்த தம்பி அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டான். அன்றிலிருந்து அந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் மத்தியில் அவள் பெயர் கரண்டியக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். தம்பி வேறு ஊருக்கு வேலைக்குப் போய், ஒரு பார்சல் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவனான பிறகும், அவர்கள் எல்லாரும் கூடிப் பேசுகிற இணையப் பக்கத்தை அவன்தான் நடத்திவந்தான். பக்கத்தின் நெற்றியில் இன்றைக்கும் ஒரு மரக்கரண்டி படம் இருக்கிறது.

வேலை என்று பார்த்தால் அவள் பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயிலிருந்து எடுத்து அனுப்புகிற அச்சில் சுண்ணக்கலவை ஊற்றி, அந்த வாயை மேசைமேல் கொண்டுவந்து, விழுந்த பல்லுக்கு மெழுகில் உரு செதுக்குகிற லேப். முன்பற்கள் வந்தால் மட்டும் முதலாளியம்மா மற்றவர்களிடம் தரமாட்டாள். “சிரிச்சா தெரியுறதெல்லாம் இவகிட்ட குடுங்க” என்பாள். இடது கையில் மாடல், வலது கையில் சூடான சின்னக் கத்தி. யாரோ முகம் தெரியாதவர்களின் சிரிப்பை அவள் இரண்டு கைக்கு நடுவில் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட கைக்கு ஒரு பட்டன் தாமதமாகக் கேட்கிறதென்றால் கோளாறு பட்டனில்தான் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்ததில் தப்பென்ன?

இரண்டாம் பாகத்துக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள், அது வந்த முதல் வாரத்திலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டிருந்தார்கள். கடல் அழகாக இருக்கிறது, ஆனால் இறங்கவிட மாட்டேன் என்கிறான் என்று ஒருவர். குதிரைக்குக் கொடுத்த முகக்களையில் பாதியை ராஜகுமாரனுக்குக் கொடுத்திருக்கலாம் என்று இன்னொருவர். கதை முன்னைவிட ஆழம் என்றும், ஆழமில்லை வெறும் இருட்டு என்றும் வாய்ச்சண்டை. புதிதாகச் சேர்த்திருந்த ‘நிதானப் பயணம்’ என்ற வசதியை எல்லாரும் சேர்ந்து கிழித்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் எதிரிகள் மெதுவாக அடிப்பார்கள். இணையப் பக்கத்தில் அதற்கு வைத்த பெயர் பாட்டி மோடு. இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: கரண்டியக்கா என்ன சொல்றாங்க?

அன்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவள் எழுதினாள். எழுத உட்கார்ந்தால் அவளுக்கு நாக்கில் சனி. “என் கருத்தைக் கேட்டீங்க, சொல்லிடறேன். கடல் நல்லா இருக்கு, பாட்டு நல்லா இருக்கு, குதிரையைக் கட்டிக்கலாம் போல இருக்கு. ஆனா கேடயம்னு ஒண்ணு குடுத்திருக்காங்களே, அது அரசாங்க ஆபீஸ் கேடயம். இன்னிக்கு மனு குடுத்தா அடுத்த வாரம் எழுந்து வருது. முதல் பாகத்துல நான் போன் பேசிக்கிட்டே தடுத்த அடியை எல்லாம் இப்ப கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தாலும் தடுக்க முடியல. பாட்டி மோடு போட்டு ஆடுன்னு சொல்லாம சொல்றாங்களா? அதுக்கு நான் பால் டம்ளரை வச்சுக்கிட்டுத் தூங்கிடுவேன். பட்டன் அமுக்குறது என் வேலை, கேக்குறது கேமோட வேலை. கேம் தன் வேலையைச் செய்யல.”

சாயங்காலத்துக்குள் அது காட்டுத்தீயாகப் பரவியது. கரண்டியக்காவே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? அதுவரை கேடயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர்களுக்கெல்லாம் கேடயம் தாமதமாக எழத் தொடங்கியது. ‘நானும் கவனிச்சேன், நம்ம கைதான் சரியில்லையோன்னு பேசாம இருந்தேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்து அவள் சிரித்தாள்.

விளையாட்டைச் செய்த நிறுவனம் முன்பு வெளியிட்டிருந்த ஒரு வீடியோவில் ஒல்லியாகக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞன் வந்து, கூச்சத்தோடு, “கேடயத்தோட புரோகிராம் நான் எழுதினது,” என்று சொல்லியிருந்தான். அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, அவன் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் பத்து விநாடி இடைவெளி விட்டு, கேடயத் தம்பி என்று பெயர் வைத்து ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள். அதைச் செய்தது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பிதான். “அக்கா, பார்த்தியா? விழுந்து விழுந்து சிரிச்சேன்,” என்று போன் பண்ணினான். அவளும் சிரித்தாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வெட்டியிருந்தான்.

சில நாள் கழித்து அந்தக் கேடயக்காரனே அவளுக்கு எழுதினான். “வணக்கம் மேடம். முதல் பாகத்துல நீங்க கரண்டியோட ஆடினதைப் பார்த்துட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். உங்க கருத்தைப் படிச்ச நாள்லேருந்து கேடயத்தைப் பிரிச்சு மேஞ்சுட்டு இருக்கேன். எனக்குத் தப்பு ஒண்ணும் தெரியலை. தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை. செட்டிங்ஸ்ல ‘பட்டன்களைக் காட்டு’ன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா நீங்க அமுக்குற நேரத்துல திரையோரத்துல ஒரு விளக்கு எரியும். விளக்குக்கும் கேடயத்துக்கும் நடுவுல இடைவெளி இருந்தா ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? ரொம்ப உதவியா இருக்கும்.” இப்படி மரியாதையாக எழுதினால் யாருக்கும் மனம் இளகும். அவளுக்கு இளகவில்லை. சாக்கு சொல்கிறான் என்று தோன்றியது. பதில் போடவில்லை.

அடுத்த ஞாயிறு கணவன் லிஃப்ட் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டு உதிரிபாகத்துக்குக் காத்திருந்ததால் வீட்டில் இருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தின் கிணறு போன்ற இருட்டுக்குள் இறங்கி நிற்கிறவன், ஆனால் டிவிக்குள் ஒருவன் கத்தியோடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அன்று அவள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் சோபாவின் கையில் வந்து உட்கார்ந்தான்.

“குடேன், நான் பார்க்குறேன்.”

“உங்களுக்கு எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது.”

“தெரியாதவன் கையில குடுத்தாத்தான் மெஷினோட கோளாறு தெரியும். எங்க வேலையில அப்படித்தான்.”

கொடுத்தாள். திரையில் வீராங்கனை முதலில் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் முட்டினாள், பிறகு வானத்தைப் பார்த்தபடி நடந்தாள். ஒருவழியாகக் காவலன் முன்னால் போய் நின்றாள். “இப்ப என்ன?” என்றான் கணவன். “துடுப்பு மேல போனதும் இதை அமுக்குங்க,” என்று அவன் இடது விரலைத் தொட்டுக் காட்டினாள். துடுப்பு மேலே போனது. கேடயம் எழுந்தது. அடி பட்டுப் பொறி பறந்தது. துடுப்பு மறுபடி மேலே போனது. கேடயம் எழுந்தது.

“இவ்வளவுதானா?” என்றான் அவன். “இதுக்கா ஊரைக் கூட்டின?”

“இன்னொரு தடவை பண்ணுங்க.”

பண்ணினான். இன்னொரு தடவை. அவனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. “டேய், வாடா, வா!” என்று காவலனைக் கூப்பிட்டான். திருப்பி அடிக்கத் தெரியாததால் சண்டை முடியவே இல்லை. அவன் பாட்டுக்குத் தடுத்துக்கொண்டே இருந்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கண்ட்ரோலரை வாங்கி, செட்டிங்ஸுக்குள் போய், அந்தப் பையன் எழுதியிருந்த வசதியைப் போட்டாள். துடுப்பு எழும்பியது. அமுக்கு என்று விரலுக்குச் சொன்னாள். சொன்னது அவளுக்கு நன்றாகக் கேட்டது. திரையோரத்தில் விளக்கு எரியவில்லை. துடுப்பு இறங்கியது. அப்புறம் விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்த அதே கணம், மயிரிழைகூடப் பிசகாமல், கேடயம் எழுந்தது.

“என்ன, பேச்சையே காணோம்?” என்று சிரித்த கணவன் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

அவள் இடது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத கை. ஒரு வருடமாக அந்தப் பக்கத் தோள் வலி. தூங்கும்போது அதன்மேல் விழுந்து படுக்கிறேன் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். லேபில் மாடலைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் வைத்துச் செதுக்க ஆரம்பித்தது எப்போது? வசதியாக இருக்கிறது என்றுதான் நினைத்தாள். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறதே என்று தையல்காரரைத் திட்டினாள். பர்ஸின் ஜிப்பைத் திட்டினாள். இத்தனை நாளாக ஒவ்வொரு சாமானாகத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

“எனக்கு இந்தக் கை சரியில்லைங்க,” என்றாள். “கேம் நல்லாத்தான் இருக்கு.”

நரம்பு டாக்டர் அவளைவிடச் சின்னப் பெண். அதிகம் பேசவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாகத் திறந்து, வேகமாகத் தட்டச் சொன்னாள். வலது கை தட்டிக்கொண்டே இருந்தது. இடது கை முதல் சில தட்டுகளை ஒழுங்காகத் தட்டியது. பிறகு விரல்களுக்கு நடுவில் இருந்த திறப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, பேச வந்ததை மறந்துவிட்ட வாய் மாதிரி பாதியில் நின்றது. தன் கையைத் தானே வேடிக்கை பார்ப்பது எவ்வளவு அசிங்கமான காரியம் என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டர் அவளைத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னாள். போய்த் திரும்பி வந்தபோது வாசலில் நின்றிருந்த கணவனின் முகம் மாறியிருந்தது. “அந்தக் கையை வீசவே மாட்டேங்குற,” என்றான், குரல் இறங்கி. “பையே இல்லாம பை தூக்கிட்டு வர்ற மாதிரி வர்ற. நான் தினம் பார்க்குறேன், எனக்குத் தெரியலையே.”

ஸ்கேன், ரத்தம், இன்னொரு டாக்டர் என்று அலைந்த பிறகு அதே சின்னப் பெண் பார்கின்சன் என்ற பெயரைச் சொன்னாள். மாத்திரை இருக்கிறது, நன்றாகக் கேட்கும், நிறைய வருஷம் வேலை செய்யலாம், உடற்பயிற்சியை விடக்கூடாது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இவ்வளவு ஆரம்பத்துல யாரும் வரமாட்டாங்க,” என்று டாக்டர் கேட்டாள். கணவன் வாயைத் திறப்பதற்குள் அவள், “வீட்டு வேலை செய்யும்போது,” என்றாள். வெளியே வந்ததும், “ஏன் அப்படிச் சொன்ன?” என்று கேட்டான். “கேம்ல செத்துக்கிட்டே இருந்தேன்னா சொல்லச் சொல்றீங்க?” என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரிப் படியில் நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிறகு தண்ணீர் மட்டும் நின்றபாடில்லை.

இதற்குள் விளையாட்டு நிறுவனம் ஒரு அப்டேட் விட்டிருந்தது. ரசிகர்களின் கருத்தை ஏற்றுக் கேடயத்தின் வேகம் கூட்டப்பட்டுள்ளது என்று அறிவிப்பு. கூட்டியதோடு சரி, குடி முழுகியது. கேடயம் இப்போது நினைப்பதற்கு முன்னால் எழுந்து, அடி வருவதற்கு முன்னால் இறங்கிவிடுகிறது என்று பக்கம் முழுக்கப் புலம்பல். கேடயத் தம்பிக்கு இரண்டாம் சுற்று வசவு. இந்த முறை அவன் வீடு எந்தத் தெருவில் என்று ஒருவன் கேட்டிருந்தான். இன்னொருவன் தெருப்பெயரைச் சொல்லியிருந்தான். அந்தப் பையன் தன் கணக்கையே மூடிவிட்டுப் போய்விட்டான்.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். கையைப் பற்றி அவனுக்கு முன்பே சொல்லியிருந்தாள். அவன் அதைப் பற்றிப் பேசாமல் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசுவான்.

“நான் எழுதினது தப்புன்னு எழுதப் போறேன்டா.”

“எடுத்துடு போதும். நானே எடுத்துடறேன், யாரும் கேக்க மாட்டாங்க.”

“எடுத்தா அந்தப் பையன் மேல விழுந்த சேறு போயிடுமா? ஏன் தப்புன்னு சொல்லணும்ல.”

“ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் உன் கையைப் பத்தி எதுக்குக்கா தெரியணும்? உன் லேப்ல ஒருத்தன் இருக்கானே, பாலிஷ்னு கூப்பிடுவீங்களே, அவன் நம்ம பக்கத்துல தினமும் இருக்கான். நாளைக்கே உன் முதலாளியம்மாவுக்குப் போகும். பல்லு செதுக்குற வேலை. யோசிச்சியா?”

யோசிக்காமல் இல்லை. அதைத்தான் அவள் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள். “சும்மா, நான் சரியா கவனிக்கலைன்னு எழுதினா யாருடா நம்புவா? நானும் கவனிச்சேன்னு நூறு பேரு வரிசையா நிக்குறான்.”

கிடங்கில் ஏதோ வண்டி பின்னால் வரும் பீப் பீப் ஒலி போனில் கேட்டது. “நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா,” என்றான். “எங்க அக்கா கையைப் பாருங்கடான்னு. எனக்கு வேற என்னக்கா பெருமை இருக்கு?”

“அழாதடா. வேலை செய்யுற எடத்துல.”

“நான் ஒண்ணும் அழலை,” என்று சொல்லி மூக்கை உறிஞ்சினான். “எழுது. ஆனா நான் அந்த வீடியோ வெட்டினதையும் சேர்த்து எழுதிக்கிறேன். நீ மட்டும் நடுத்தெருவுல நிக்க வேணாம்.”

அவள் எழுதியது சின்னதாக இருந்தது. வழக்கமான கிண்டல் ஒன்றும் வரவில்லை. வரட்டும் என்று காத்திருந்து பார்த்தாள், வரவில்லை. “கேடயம் தாமதமா எழும்புதுன்னு எழுதியிருந்தேன். தப்பு. கேடயம் சரியான நேரத்துலதான் எழும்புது. என் இடது கைதான் தாமதமா அமுக்குது. அது ஒரு வியாதி, டாக்டர்கிட்ட காட்டியாச்சு. கேடயத்தை எழுதினவர் ஒழுங்கா எழுதியிருக்கார். அவரு என்கிட்ட ஒரு உதவி கேட்டார், நான் பதில்கூடப் போடலை. அவரைத் திட்டினவங்க எல்லாம் என்னைத் திட்டிக்கோங்க.” அனுப்பிவிட்டுக் கணினியை மூடி, துணி மடிக்கப் போய்விட்டாள்.

திட்டினார்கள்தான். இதற்கு நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்று ஒருவன் கேட்டான். கை போனவளுக்குக் கருத்து எதற்கு என்று ஒருவன். ஆனால் பெரும்பாலானவர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் மரக்கரண்டிப் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பக்கம் முழுக்கக் கரண்டியாக இருந்தது. நடுவில் ஒரு பெண், தனக்கும் இரண்டு மாதமாகக் கத்தரிக்கோல் பிடிக்கும்போது விரல் ஒத்துழைப்பதில்லை, எந்த டாக்டரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாள். அவளுக்கு மட்டும் இவள் பதில் எழுதினாள்.

திங்கட்கிழமை பாலிஷ் அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பற்களுக்கு மெருகேற்றுவது அவன் வேலை. கை, முகம், இமை எல்லாம் எப்போதும் வெள்ளைத் தூள்.

“படிச்சேன்கா.”

“ம்.”

“எனக்கு முன்னாடியே தெரியும். இது இல்ல, ஏதோ ஒண்ணுன்னு. ரெண்டு தடவை மாடலைக் கீழ விட்டீங்க. மெழுகு கருகுது, நீங்க மூக்குக்கு நேரா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க, வாசனையே தெரியாத மாதிரி.” தயங்கினான். “கேட்டா கோச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்.”

“கேட்டிருந்தா கோச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.”

“முதலாளியம்மா கேம் ஆட மாட்டாங்க. நான் சொல்ல மாட்டேன்.”

“நானே சொல்லிக்கிறேன்.”

மத்தியானம் போய்ச் சொன்னாள். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். அவள் இடது கையைப் பார்த்தாள், பிறகு பார்த்ததற்காக வெட்கப்பட்டவள் போல ஜன்னலைப் பார்த்தாள். “செதுக்குறது வலது கைதானே,” என்றாள். “பார்ப்போம்.” அந்தப் பார்ப்போமில் எவ்வளவு இரக்கம், எவ்வளவு கணக்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை அவள் மேசையில் ஒரு முன்பல் அச்சு வந்திருந்தது. பக்கத்து மேசையிலும் ஒன்று போயிருந்தது. அப்படி முன்பு போனதில்லை.

கேடயக்காரன் ஒரு வாரம் கழித்துப் புதுக் கணக்கிலிருந்து எழுதினான். “நன்றின்னு சொல்றது தப்பா இருக்கும். ஆனா நான் ஒழுங்காத்தான் எழுதியிருக்கேன்னு எனக்கே நம்பிக்கை போயிடுச்சு மேடம். இல்லாத தப்பைத் தேடித் தேடிக் கடைசியில நானே ஒரு தப்பை உண்டாக்கிட்டேன். இந்த வாரம் பழையபடி மாத்திடுவோம். ஒரு விஷயம் கேக்கணும். உங்க விரல் எவ்வளவு தாமதம்னு சொன்னீங்கன்னா, அந்த அளவுக்கு நிதானப் பயணத்தை மாத்தி வைக்கலாம். உங்களை மாதிரி இருக்கிறவங்களுக்கு உதவும்.” இந்தத் தடவை உடனே பதில் எழுதினாள். “அது ஒரே மாதிரி இல்ல தம்பி. மாத்திரை போட்டா ஒரு மாதிரி, போடலைன்னா ஒரு மாதிரி. இன்னிக்கு இருக்கிறது நாளைக்கு இருக்காது. அளவு ஒண்ணை வச்சுடாதீங்க, ஆடுறவங்களே மாத்திக்கிற மாதிரி வைங்க.” எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, இந்த விளையாட்டைப் பற்றி அவள் சொன்ன உருப்படியான முதல் கருத்து இதுதான் என்று பட்டது.

ஆனாலும் நிதானப் பயணத்தைப் போட்டுக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. நாட்கள் போயின. கண்ட்ரோலர் டிவிக்குக் கீழே தூசியோடு கிடந்தது. மாத்திரை குமட்டியது, பிறகு பழகியது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தபோது, கணவன் தரையில் உட்கார்ந்து லிஃப்டின் ஏதோ ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, எதுவும் தீர்மானிக்காமலேயே கண்ட்ரோலரை எடுத்து நிதானப் பயணத்தைப் போட்டாள். காவலனின் துடுப்பு தண்ணீருக்குள் அசைவது போல எழும்பியது. அமுக்கினாள், கேடயம் எழுந்தது. அவன் விழுவதற்கு அதிக நேரமாகவில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று பார்ப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. அதுவரை படத்தில்கூடப் பார்க்காத ஒரு துறைமுகம், வெளுத்த மணல், கயிறு அவிழ்த்துக் காத்திருக்கும் ஒரு படகு.

ஏறினாள். படகு நகர்ந்தது. அலைக்கு அலை கண்ட்ரோலர் உள்ளங்கையில் மெல்ல அதிர்ந்தது, ஒரு பூனை சுகத்தில் குர்ரென்பதைப் போல. அப்படி ஒரு வசதி வைத்திருக்கிறார்கள் என்று யாரும் எழுதவில்லையே என்று நினைத்தாள். கரை நெருங்கியது. படகின் மூக்கு மணலில் ஏறி நின்றது, அதிர்வும் நின்றது.

விரல் நிற்கவில்லை. பட்டனின்மேல் வைத்திருந்த இடது ஆள்காட்டி விரல், அலை இன்னும் ஓயாதது போல, தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. ரொம்பச் சின்ன அசைவு. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

“எறங்கலையா?” என்றான் கணவன், சக்கரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

“இருங்க,” என்றாள்.

திரையில் அவளுடைய ஆள் படகின் விளிம்பில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். காற்று அவள் தலைமுடியை முகத்தில் கொண்டுவந்து போட்டது. அவள் அதை ஒதுக்கவில்லை. எதிரே, கால்தடம் ஒன்றுகூட இல்லாத மணல் ஈரமாகக் கிடந்தது.